லொஃப்டில் இருந்த உன் சிப்பாய்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று கும்பிடுகிறோம்.

இரண்டு கிழமைக்கு முன் போனில், கூரைக்குக் கீழே லொஃப்டில் இருக்கிற உன்னுடைய பழைய விளையாட்டுச் சிப்பாய்ப் பொம்மைப் பெட்டிகளை ஆருக்காவது ஒரேயடியாகக் கொடுத்துவிடச் சொன்னாய். வீட்டுத் திறப்பைக் கையளிக்க இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது. அவசரம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் அந்தப் பெட்டிகளைப் பற்றி இந்தப் பதினைந்து நாளில் நான் கனக்கப் படித்துவிட்டேன். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பழைய சாமான் எடுக்கிற ஒருவரைத்தான் கூப்பிட்டோம். வந்தவர் பெட்டிகளை இரண்டு நிமிஷம் கிளறிப் பார்த்துவிட்டு, எல்லாம் பெயின்ட் அடித்துப் பழுதான சாமான், மொத்தமாக 60 பவுண் தருகிறேன் என்றார். அம்மா சரி என்று தலையாட்டப் பார்த்தா. ஆனால் அவர் கை ஒரு சின்ன உலோகக் குள்ளனை எடுத்து, திருப்பிக் காலடியைப் பார்த்துவிட்டு, மெல்லத் திரும்ப வைத்ததை நான் கண்டுவிட்டேன். 22 வருஷம் கடை நடத்தினவன் நான். வாங்க வந்தவரின் வாய் என்ன சொன்னாலும், கை எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரியும். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை உன் அக்காவின் மூத்தவன், உன் மருமகன், வந்தான். அவனும் இப்போது இதே விளையாட்டுத்தான் தெரியுமோ? குசினி மேசையில் பேப்பரை விரித்து ஒவ்வொன்றாக அடுக்கினோம். நீ ஏதோ இணையத்தில் ஒரு பெட்டிக்கு 400 பவுண் போட்டிருந்ததைக் கண்டதாகச் சொன்னாயே, அதை அவனிடம் கேட்டேன். ஈபேயில் 'விற்றுமுடிந்தவை' என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதை அழுத்திவிட்டுப் பாருங்கோ தாத்தா என்றான். பார்த்தேன். கேட்கிற விலை ஒன்று, காசு கைமாறின விலை இன்னொன்று. சுன்னாகம் சந்தையில் ஐயாவோடு நின்று பழகின எனக்கு இதை ஒரு பெடியன் சொல்லித்தர வேண்டி வந்துவிட்டது.

1993இல் கிறிஸ்மஸுக்கு நீ கெஞ்சி வாங்கின அந்தப் பெரிய வார்ஹாமர் 40,000 பெட்டி, மேசையில் சிப்பாய்களை வைத்துச் சண்டை பிடிக்கிற அந்த விளையாட்டு, நினைவிருக்கா? 20 ஸ்பேஸ் மரீன் சிப்பாய், 20 ஓர்க் அரக்கன், 40 கிரெட்சின் குட்டி அரக்கன். எண்பதும் இருக்கிறது. எண்பதும் பிளாஸ்டிக். பழசு என்றால் விலை ஏறும் என்று நினைத்துவிடாதே. அந்தப் பெட்டியை கேம்ஸ் வேர்க்ஷொப் கம்பனி அள்ளி அள்ளி விற்றது. உன் வயதுப் பெடியள் எத்தனை பேரின் லொஃப்டில் அதே சிப்பாய், அதே நிற்கிற விதத்தில் கிடக்கிறான். அதனால் தனித்தனியே சில்லறைக் காசுதான். முழுப் பெட்டியாக, புத்தகம், தாயக்கட்டை, மட்டைக் கட்டடங்கள் எல்லாவற்றோடும் இருந்தால்தான் ஒரு விலை.

இங்கே உன்னிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்த மட்டைக் கட்டடங்களும், மட்டையில் செய்த ஓர்க் டிரெட்னோட் என்ற போர் இயந்திரமும் இல்லை. 1999இல் டூட்டிங்கில் இருந்து இந்த வீட்டுக்கு மாறும்போது நான்தான் எறிந்தேன். நீ அப்போது யூனிவர்சிற்றிக்குப் போய்விட்டாய். மடங்கிப்போன மட்டைதானே என்று நினைத்தேன். உன்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நீ பிறகு ஒருநாள் வந்து தேடினாய். கண்டேனா என்று என்னிடம் கேட்டாய், தெரியாது என்று சொல்லிவிட்டேன். அது பொய். இத்தனை வருஷமும் அது நெஞ்சில் கிடந்தது. காசுக்காகச் சொல்லவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

மற்றப்படி விலை இருக்கிறது உலோகச் சாமானில். பழைய சாமான்காரர் திருப்பிப் பார்த்த குள்ளன் ஸ்குவாட் என்ற குள்ளர் இனம். உன்னிடம் பதினொன்று இருக்கிறது. அந்த இனத்தைக் கம்பனி 1990களில் கைவிட்டுவிட்டது. 2022இல் வேறு பெயரில், வேறு உருவத்தில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். பழைய வடிவம் வேண்டும் என்கிறவர்களுக்குப் பழையதைத் தவிர வேறு வழியில்லை. காலடியில் அடித்தட்டுக்குள் செருகிற உலோகப் பட்டி இருக்கிறதே, பல சிப்பாய்களில் பெயரும் வருஷமும் அதிலேதான் பொறித்திருக்கும். அதனால்தான் அவர் காலைப் பார்த்தார். ஐந்தை மருமகன் தன் கணக்கில் போட்டு விற்றுத் தந்தான். அந்த ஐந்துக்கு மட்டும் தபால் செலவு போக 74 பவுண் வந்தது.

ஊரில் வாழைக்குலை விற்கிறபோது ஐயா சொல்வார், குலையாகக் கொடுத்தால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், சீப்பாகக் கொடுத்தால் காசு கூட, ஆனால் அடிச்சீப்புக் கையில் மிஞ்சும் என்று. இதுவும் அதுதான். ஸ்குவாட்டையும் மற்ற உலோகத்தையும் சீப்பாகக் கொடுப்போம். 80 பிளாஸ்டிக்கையும் குலையாகத் தள்ளிவிடுவோம். எல்லாவற்றையும் ஒன்றொன்றாக விற்க எனக்கு வயதும் இல்லை, வீட்டில் நாளும் இல்லை.

வைத்திருந்தால் இன்னும் ஏறும் என்று உன் சிநேகிதர் ஆரும் சொன்னால் கேட்காதே. நகை என்றால் எப்போதும் நிறுத்து விலை சொல்லலாம். இதற்கு நிறை கிடையாது. 2015இல் கம்பனி தன்னுடைய பழைய வார்ஹாமர் விளையாட்டின் (உன் 40,000 இல்லை, மற்றது) உலகத்தையே கதையில் அழித்து முடித்தது. பிரெட்டோனியா என்ற குதிரை வீரர் படை கடைகளில் இல்லாமல் போக, பழையதற்குக் கிராக்கி கூடியது. 2024இல் அதே உலகத்தைத் திரும்பத் திறந்து, பழைய அச்சுகள் பலவற்றை மறுபடி வார்த்து விற்றார்கள். பொறுத்துப் பொறுத்து வைத்திருந்தவர்களின் பாடு என்ன? ஒரு அச்சு இருக்கிற வரைக்கும் விலை அச்சுக்காரன் கையில். நொட்டிங்ஹாமில் இருக்கிற இந்தக் கம்பனியின் சின்னக் கடையை நான் பிள்ளைகளின் காசு பறிக்கிற இடம் என்று ஏசுவேனே, அந்தக் கம்பனி 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 கம்பனிகளுக்குள் சேர்ந்துவிட்டது.

இன்னொன்று. உலோகத்தில் கொஞ்சத்தை நீ உன் மர லாச்சியில் விட்டிருந்தாய். அதில் நாலு பேரில் வெள்ளை மாவு படிந்திருக்கிறது. அந்தக் காலத்து உலோகத்தில் ஈயம் கலந்திருக்கிறது. மரத்தில் இருந்து, அதுவும் ஓக் மரம் என்றால் இன்னும் கூடுதலாக, ஒரு புளிப்பு ஆவி வந்து ஈயத்தைத் தின்னுமாம். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். அந்த நாலையும் பழுது என்று சொல்லித்தான் விற்போம், மறைத்து விற்க விடமாட்டேன். மருமகனையும் தொட்ட பிறகு கை கழுவாமல் பிஸ்கட் பேணியில் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

பெயின்ட் கதையைக் கேள். தடிப்பாகப் பூசினது விலையைக் குறைக்கும், வெறும் உலோகமாக இருந்தால் வாங்குகிறவர் தன் விருப்பத்துக்குப் பூசிக்கொள்வார். மருமகன் என்ன செய்தான் தெரியுமா? ஜாம் போத்தலில் டெட்டோலை ஊற்றி ஆறு சிப்பாய்களை இரவு முழுக்க ஊறப்போட்டான். விடியக் கீழே வந்த அம்மா மணத்தைக் கேட்டு, ஆருக்கு என்ன வெட்டினது என்று பதறிப்போனா. பழைய பல்துலக்கியால் தேய்க்கத் தேய்க்க உன் பச்சையும் சிவப்பும் கழன்று, முகத்தில் மூக்கும் மீசையும் தெளிந்து வந்தது. நான் அவசரப்பட்டு ஒன்றைப் பைப்புத் தண்ணீரில் பிடித்துவிட்டேன். பெயின்ட் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. தண்ணீர் படமுதல் புது டெட்டோலிலேயே ஒருதரம் அலச வேண்டுமாம், பிறகுதான் சவர்க்காரம். சுப்பர் குளூவால் ஒட்டின கைகளைப் பிரிக்க ஃபிரீசரில், அம்மாவின் மீன் பைகளுக்குப் பக்கத்தில் வைத்தான். குளிரில் பசை முறுகி, லேசாக வளைக்க டக்கென்று விட்டுவிட்டது.

ஹீரோகுவெஸ்ட் என்ற உன் மற்ற விளையாட்டுப் பெட்டி வந்த மாதிரியே இருக்கிறது. 35 உருவமும் எண்ணினேன். விளையாட்டோடு வருகிற சின்ன மேசைகளில் ஒட்டுகிற எலியும் மண்டையோடும்கூட ஒரு சின்னப் பையில் கட்டி வைத்திருக்கிறாய். பெரும்பாலும் தொலைந்துபோகிறது அதுதானாம். 2021இல் அதைப் புதிதாகச் செய்து வெளியிட்ட பிறகும், 1989ஆம் ஆண்டுப் பழைய பெட்டியை முழுதாக வைத்திருப்பவருக்கு நல்ல விலை கிடைக்கிறது. மருமகன் அதைத் திறந்து திறந்து பார்க்கிறான், வாய் திறந்து கேட்கவில்லை. அவனுக்குக் கொடுத்துவிடு என்று அம்மா சொல்கிறா. சாமான் உன்னுடையது, நீ சொல்.

கடைசியாக ஒன்று. நீலத்தில் பூசின ஒரு கப்டன் இருக்கிறான். ஒரு கண்ணுக்கு வெள்ளைப் பொட்டு வைத்திருக்கிறாய், மற்றக் கண்ணுக்கு இல்லை. அடித்தட்டின் கீழே, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழகின எழுத்தில் 'தலபதி' என்று எழுதியிருக்கிறாய். ளகரம் போடவில்லை. மருமகன் அவனையும் போத்தலுக்குள் போடப் போனான், நான் வாங்கி என் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிட்டேன். அவன் விற்பனைக்கு இல்லை. உனக்குத் தபாலில் அனுப்பவா, நீ வருகிற வரைக்கும் நானே வைத்திருக்கவா?

மற்றவைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

அன்புடன்,
அப்பா