கானாங்கோழி கூப்பிடும்போது ஸ்பீக்கரை நிறுத்துங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இசையால் சுற்றாடல் விழிப்புணர்வை வளர்ப்பது பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்ததிலிருந்து அதே யோசனையாக இருக்கிறேன். நல்ல விஷயம்தான், ஆனால் கட்டுரை முழுக்க மேடை, பாட்டு, பாடகர் என்றே போய்விட்டது. கேட்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

போன வருடம் ஜூன் 5, சுற்றாடல் தினத்தன்று, மகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சதுப்புநிலப் பூங்காவுக்குப் போனேன். விடிந்த கையோடு போய்விட்டோம். பலகைப் பாதையில் நடக்கும்போது புல்லுக்குள்ளே ஒரு கானாங்கோழி 'குவாக் குவாக்' என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் காலடியில் கேட்கிற மாதிரி. மகள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் இருவரும் அசையவில்லை. எட்டு மணிக்கு நிகழ்ச்சிக்காரர்கள் வந்தார்கள். ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, இயற்கையைக் காப்போம் என்று ஒரு பாட்டு, முடிந்ததும் மறுபடி அதே பாட்டு. கானாங்கோழியின் சத்தம் நின்றது, கொக்குகள் எழும்பிப் போய்விட்டன. பிள்ளைகளுக்குத் தொப்பியும் பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீரும் கொடுத்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும், ஆனாலும் அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2017இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' இருக்கிறதே, கபேர் வாசுகி எழுதியது, அதில் எண்ணூர்க் கழிமுகத்துக்கே போய் நின்று பாடினார்கள், பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். நாம் ஆளைத் திட்டப் பயன்படுத்துகிற ஒரு சொல்லை எடுத்து, அது எல்லோருக்கும் பொதுவான நிலத்தின் பெயர் என்று ஞாபகப்படுத்தினார்கள். ஒரு இடத்தைப் பற்றிப் பாடினார்கள், அதனால்தான் மனதில் நின்றது. பொத்தாம்பொதுவாக மரம் நடுவோம், பூமியைக் காப்போம் என்று பாடினால் யார் காதிலும் ஏறாது.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது பேர்னி க்ரௌஸ் என்ற அமெரிக்கர் செய்த வேலை. இசைக்கலைஞராக இருந்து, பிறகு காடுகளின் ஒலியைப் பதிவு செய்யப் போனவர். 1988இல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் உள்ள ஒரு புல்வெளியில் விடிகாலை ஒலியைப் பதிவு செய்தார். அங்கே ஒரு கம்பனி, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மரம் வெட்டுவோம், காட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று ஊர்க்காரரை நம்பவைத்திருந்தது. மரம் வெட்டிய பிறகு, அடுத்த வருடம் அதே நாளில், அதே நேரத்தில் போய் மறுபடி பதிவு செய்தார். படம் எடுத்துப் பார்த்தால் இடம் அப்படியே இருக்கிறது, ஒரு வித்தியாசமும் தெரியாது. பதிவைப் போட்டால் ஓடைத் தண்ணீரும் ஒரு மரங்கொத்தியும் மட்டும், மற்றப் பறவைகள் எல்லாம் போய்விட்டன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எத்தனை அறிக்கை வாசித்தாலும் இது வராது.

கொழும்பிலும் இதைத்தான் செய்ய வேண்டும் என்கிறேன். 2018இல் உலகத்திலேயே முதன்முதலாக ராம்சார் என்ற ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் 'ஈரநில நகரம்' என்று 18 நகரங்களுக்கு அங்கீகாரம் கொடுத்தார்கள், அதில் கொழும்பும் ஒன்று. அந்த ஈரநிலத்தின் சத்தம் எப்படி இருக்கும் என்று எங்கள் தொடர்மாடியில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோட்டேயில் உள்ள பெத்தகானை ஈரநிலப் பூங்காவில் விடியற்காலையில் பதிவு செய்ததை காலி முகத்திடலில் ஒரு கூடாரம் போட்டு, விளக்கை அணைத்து, பத்துப் பத்துப் பேராக உட்காரவைத்துக் கேட்க விடுங்கள். பேச்சு வேண்டாம், பொன்னாடை வேண்டாம்.

சத்தத்துக்கு ஆளை வெளியே கூப்பிடும் சக்தி இருக்கிறது என்று கொழும்புக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாண் விற்க வருகிற சூன் பாண் ஓட்டோ பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு லேனுக்குள் வந்தால் மேல்மாடியிலிருந்து சனம் இறங்கி வருகிறது. தாய்வானில் அதே மெட்டைப் போட்டுக்கொண்டு வருவது குப்பை லொறி. அங்கே ஆட்கள் குப்பையைப் பிரித்து எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து தங்கள் கையாலேயே கொடுக்கிறார்கள். இங்கேயும் செய்து பார்க்கலாம்தானே?

சரி, பெரிய காரியம் நடக்கும்போது நடக்கட்டும். உங்கள் பத்திரிகை ஒன்றைச் செய்யலாம். வாசகர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் லேனின் விடிகாலையை ஒரு நிமிடம் போனில் பதிவு செய்து அனுப்பட்டும், நீங்கள் உங்கள் இணையப் பக்கத்தில் போடுங்கள், வருடா வருடம் அதே மாதத்தில் திரும்பக் கேளுங்கள். என் மகள் எங்கள் பால்கனியில் பதிவு செய்துவிட்டாள். முதலில் கடல், பிறகு பாணந்துறைப் பக்கம் போகிற ரயில், நடுவில் ஒரு செம்பகப் பறவையின் கூவல் ஐந்தாறு தடவை, கடைசியில் பக்கத்துக் காணியில் தூண் இறக்கும் மெஷின். எங்கே அனுப்புவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
வெள்ளவத்தை, கொழும்பு 06