பழைய ரிவால்வர்களின் எண்ணையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போர்க்கால ரிவால்வர்கள் வெளிநாட்டு ஏலங்களில் கோடிக்கணக்கில் விலைபோகும் செய்திகள் நம் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. விலையும் வீரரின் பெயரும் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்தத் துப்பாக்கி அவரிடம் இருந்ததுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்ற விவரம் மட்டும் விடுபட்டுப்போகிறது. சேகரிப்பாளர்கள் பெரும்பணம் கொடுப்பதே அந்த ஆதாரத்துக்காகத்தான்.

அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் இருந்த, கோல்ட் (Colt) என்ற அமெரிக்க நிறுவனம் தயாரித்த ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். 1898 பிப்ரவரியில் ஹவானா துறைமுகத்தில் மூழ்கிய ‘மெயின்’ போர்க்கப்பலிலிருந்து மீட்கப்பட்டு, கடற்படை அதிகாரியான சகோதரி கணவர் மூலம் அவர் கைக்கு வந்து, அதே ஆண்டு ஜூலை 1 அன்று கியூபாவின் சான் ஹுவான் போரில் அவர் ஏந்தியது அது. இந்த வரலாறு சுருக்கமாக அதன் கைப்பிடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கைதேர்ந்த எவரும் அப்படிப் பொறித்துவிடலாம். 16334 என்ற அதன் தயாரிப்பு எண்ணும் பதிவில் இருப்பதுதான் பலம். 1990-இல் ரூஸ்வெல்ட்டின் நினைவில்லமான சாகமோர் ஹில்லின் காட்சிப்பெட்டியிலிருந்து களவுபோன அது 2006-இல் மீட்கப்பட்டது. (திருடியவர் மீது பாய்ந்தது, ரூஸ்வெல்ட்டே 1906-இல் கையெழுத்திட்ட தொல்பொருள் சட்டம் என்பது தனிச் சுவை.)

எல்லா ரிவால்வருக்கும் இந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை. அமெரிக்கக் குதிரைப்படை 1873 முதல் பயன்படுத்திய கோல்ட் ரிவால்வர்களில் பெரும்பகுதியை 1890-களில் திரும்பப் பெற்று, ஏழரை அங்குலக் குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டி, பாகங்களைக் கலந்துபோட்டுப் பூட்டியதால், ஒரே துப்பாக்கியில் சட்டகத்துக்கு ஓர் எண்ணும் சுழல் உருளைக்கு வேறோர் எண்ணும் இருப்பது சகஜம். எனவே நீளக் குழலோடு எல்லா எண்களும் ஒத்துப்போகும் ஒன்று அரிது. அரிது என்பதாலேயே எண்ணை ராவிவிட்டு வேறு எண் அடிக்கும் போலிகளும் உண்டு. கோல்ட் நிறுவனம் தன் பழைய பேரேட்டைப் பார்த்துத் தரும் கடிதமும், எந்த நாளில் யாருக்கு அனுப்பப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். களத்தில் யார் இடுப்பில் தொங்கியது என்பதை அது சொல்லாது.

நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த உதாரணம் பகத்சிங்கின் துப்பாக்கி. அது ரிவால்வர் அல்ல, .32 கோல்ட் தானியங்கிப் பிஸ்டல் என்றாலும் பாடம் ஒன்றுதான். இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளியில் மற்றத் துப்பாக்கிகளோடு கறுப்புச் சாயம் பூசிக் கிடந்த அதை, 2016-இல் சாயத்தைச் சுரண்டிப் பார்த்தபோது 168896 என்ற எண் வெளிப்பட்டது. சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயக் காவல் அதிகாரியைக் கொன்றதாக பகத்சிங் மீது நடந்த லாகூர் வழக்கின் ஆவணத்தில் அந்த எண் இருந்திராவிட்டால், அது இன்னும் பெயரற்ற இரும்பாகவே இருந்திருக்கும்.

வீட்டில் பழைய ராணுவத் துப்பாக்கி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியதும் உண்டு. பழமையானது என்பதால் மட்டும் உரிமம் தேவையில்லை என்றாகிவிடாது; பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்குத்தான் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. 2019-இல் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டாகக் குறைக்கப்பட்டதால், கூடுதலாக இருந்ததை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. ஒப்படைக்குமுன் எண்ணையும் முத்திரைகளையும் படமெடுத்து, தாத்தாவின் பழைய உரிமத்தோடும் ராணுவச் சேவைத் தாள்களோடும் சேர்த்து வைப்பது நல்லது. அருங்காட்சியகங்கள் தங்கள் விளக்க அட்டையில் பெயருக்குக் கீழே தயாரிப்பு எண்ணையும், யாரிடமிருந்து எந்த ஆண்டில் வந்தது என்பதையும் அச்சிட வேண்டும். தங்கள் நாளிதழும் அடுத்த ஏலச் செய்தியில் விலைக்குப் பக்கத்தில் ஒரு வரி ஒதுக்கி அவ்விவரங்களைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், திருச்சி