டிராயிங் மாஸ்டர்களே, பூவ கையில குடுங்க

ஸ்கூல்ல டிராயிங் சொல்லிக்குடுக்குற மாஸ்டர், டீச்சர் எல்லாருக்கும் வணக்கம்ங்க.

பூ வரைடான்னா நம்ம புள்ளைங்க நடுவுல ஒரு வட்டம், சுத்தி அஞ்சு ரவுண்டு இதழ், கீழ ஒரு குச்சி, ரெண்டு இலை, முடிஞ்சுது. போர்டுல நீங்க போட்டு காட்டுறதும் அதுதான, அவங்க என்ன பண்ணுவாங்க. என் பொண்ணு பூச்சி கடிச்ச செம்பருத்திய பாத்து இதழ்ல ஓட்டையோட அப்படியே வரைஞ்சு கொண்டு போனா, ரெட் இங்க்ல சுழிச்சு 'நீட்டா வரை'ன்னு திரும்பி வந்துச்சு. ஓட்டைய எவ்ளோ கரெக்டா போட்டிருந்தா தெரியுமா!

வாரத்துக்கு கிடைக்கிறதே ஒரு பீரியட், பரிட்சை வந்தா அதையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கிறாங்க, தெரியும். கிடைக்கிற அன்னிக்கு ஆளுக்கொரு ஒத்தை செம்பருத்திய கையில குடுத்துருங்க (அடுக்கு வேணாம், குழம்பிரும்). கொஞ்ச நேரம் பென்சிலையே தொடாம திருப்பி திருப்பி பாக்கட்டும். ஒரு இதழோட ஓரம் பக்கத்து இதழுக்கு அடியில போறது, நடுவுல நீட்டிட்டு நிக்கிற குழல்ல மகரந்தம் ஒட்டியிருக்கிறது, அது நுனியில அஞ்சு குட்டி பொட்டு, பின்னாடி திருப்புனா பச்சையா ஒண்ணுக்கு கீழ ஒண்ணா ரெண்டு சுத்து, எல்லாத்தையும் அவங்களே கண்டுபுடிச்சு கத்துவாங்க, கிளாஸ் சத்தமாதான் இருக்கும், ஹெச்எம் வந்து எட்டிப் பாத்தா நீங்கதான் சமாளிக்கணும்.

கலருக்கு பூவரசம்பூவ விட நல்ல பூ கிடையாது. காலைல மஞ்சளா இருக்குறது வாடுறப்ப செவந்துரும், ஒரே மரத்துக்கு கீழ ரெண்டும் கிடைக்கும், டப்பா மஞ்சள அப்படியே அப்புனா வேலைக்காகாதுன்னு புள்ளைக்கே புரிஞ்சிரும். எருக்கம்பூ மட்டும் பறிக்க விடாதீங்க, பால் கண்ணுல பட்டா ஆபத்து. செங்காந்தள் நம்ம மாநில மலர்தான், ஆனா செடி முழுக்க விஷம், வேலியில இருக்குறத தூர நின்னு பாத்து வரையட்டும்.

இது ஒண்ணும் ஃபாரின் முறை இல்லைங்க. 19ஆம் நூற்றாண்டுல மெட்ராஸ் மாகாணத்துல ராபர்ட் வைட்டுங்கிற தாவரவியல்காரருக்கு செடிகள பாத்து பாத்து வரைஞ்சு குடுத்தவங்க ரங்கையா, கோவிந்துன்னு நம்ம பக்கத்து ஓவியர்கள்தான், அந்த படங்கள் இப்ப எடின்பரோ தாவரவியல் தோட்டத்துல இருக்கு.

மார்க் போடுறப்ப ஒண்ணே ஒண்ணு. போர்டு படத்தோட ஒப்பிடாதீங்க, அந்த புள்ள கையில இருக்குற பூவ வாங்கி நோட்டுக்கு பக்கத்துல வச்சு பாத்துட்டு போடுங்க.

இப்படிக்கு,
நாலாங்கிளாஸ் புள்ளையோட அம்மா