பிரெஞ்சில் பட்டம்: காதில் விழுந்த மொழி மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எச்.எஸ்.சி. முடித்த பிள்ளை பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படிக்கப் போகிறேன் என்று சொன்னால், மொரீஷியஸில் நம் தமிழ் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழுகிறது. "தெரிந்த மொழிதானே, சுலபமாகப் பட்டம் வாங்கிவிடலாம்" என்பார்கள் சிலர். "தெரிந்த மொழிதானே, அதைப் போய் மூன்று வருஷம் படிப்பானேன்" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறு. தொலைக்காட்சியிலும் செய்தித்தாளிலும் பழகிய பிரெஞ்சும், மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தின் ரெதுய் வளாகத்தில் பிரெஞ்சுத் துறை எதிர்பார்க்கும் பிரெஞ்சும் ஒன்றல்ல. முதலாண்டில் திணறும் மாணவர்கள் பெரும்பாலும் மொழி தெரியாதவர்கள் அல்லர். தெரியும் என்று நம்பி ஆயத்தமில்லாமல் வந்தவர்கள். அந்த ஆயத்தம் எது என்பதைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லவே இக்கடிதம்.

முதலில் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்து இத்தீவில் அன்றாடம் பேசப்படும் மொழி. பிரெஞ்சு கெட்டுப்போவதற்குக் கிரியோல்தான் காரணம் என்று பிள்ளையை வீட்டில் வாய்திறக்க விடாமல் செய்யும் பெற்றோர் இருக்கிறார்கள். அது வேண்டாத வேலை. கிரியோல் தனக்கென்று இலக்கணம் உள்ள தனி மொழி. இரண்டின் எல்லை எங்கே ஓடுகிறது என்று தெரியாததுதான் சிக்கல். கிரியோலில் 'கோந்தான்' என்றால் பிடிக்கும், நேசிக்கிறேன். பிரெஞ்சில் அதே ஒலியுள்ள சொல்லுக்கு மகிழ்ச்சியாக இருப்பவர் என்று பொருள். கிரியோலில் பூவையும் மாங்காயையும் 'உடைக்கிறோம்'. பிரெஞ்சில் பறிப்பதற்குத் தனி வினை உண்டு. இத்தகைய சொற்களை ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிவரும் மாணவர், ஆறே மாதத்தில் தன் கட்டுரைகளிலுள்ள பாதிச் சிவப்புக் கோடுகளை நீக்கிவிடலாம்.

எல்லாவற்றிலும் அதிக மதிப்பெண்ணைத் தின்பது பால் வேறுபாடு. தமிழில் பால் பொருளைப் பற்றியது. மேசையும் கடலும் அஃறிணை, அத்தோடு முடிந்தது. கிரியோலில் பெயர்ச்சொல்லுக்குப் பாலே இல்லை. பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். அதற்கேற்பப் பெயருக்கு முன் வரும் 'லெ', 'லா' என்ற அடைச்சொல், பெயரடை, பெயரெச்சம் எல்லாம் மாறும். இந்த இடத்தில் கிரியோலே ஓரளவு கைகொடுக்கிறது. 'லாதாப்', 'லாகாஸ்', 'லாமேர்' என்று 'லா' ஒட்டிக்கொண்டு வரும் சொற்கள் பிரெஞ்சில் பெரும்பாலும் பெண்பால்தான். பழைய பெண்பால் அடைச்சொல்தான் அப்படி ஒட்டிப்போயிருக்கிறது. ஆனால் 'லார்ஸான்' என்ற பணமும் 'லாமூர்' என்ற காதலும் ஏமாற்றிவிடும். அவை உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள். அடைச்சொல்லின் மெய் மட்டுமே அங்கே ஒட்டியிருக்கிறது. பிரெஞ்சில் இரண்டும் ஆண்பால். சொல்லின் ஈற்றைப் பார்ப்பதும் உதவும்: 'சியோன்' என்று முடியும் பண்புப் பெயர்கள் பெண்பால், 'மான்', 'இஸ்ம்' என்று முடிபவை ஆண்பால். 'ஆழ்' என்று முடிபவையும் ஆண்பால்தான், கடற்கரையைக் குறிக்கும் 'ப்ளாழ்', பக்கத்தைக் குறிக்கும் 'பாழ்', 'இமாழ்' போன்ற சிலவற்றை விட்டால். ஒரு சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யக் கூடாது. அடைச்சொல்லோடும் ஒரு பெயரடையோடும் சேர்த்தே செய்ய வேண்டும்.

காதுக்குக் கேட்காத எழுத்துகள் அடுத்த தொல்லை. 'பேச' என்பதும் 'பேசிய' என்பதும் 'பேசுகிறீர்கள்' என்பதும் பிரெஞ்சில் கிட்டத்தட்ட ஒரே ஒலி, எழுத்தில்தான் வேறுபடும். எந்த வடிவம் என்று ஐயம் வந்தால், அந்த இடத்தில் 'விற்க' என்ற பொருள்தரும் 'வாந்த்ர்' வினையைப் போட்டுப் பார்க்க வேண்டும். 'வாந்த்ர்' பொருந்தினால் முதல் வடிவம், 'வாந்த்யூ' பொருந்தினால் இரண்டாவது. தமிழில் 'தின்ற மாம்பழங்கள்' என்னும்போது பெயரெச்சம் எதற்காகவும் மாறாது. பிரெஞ்சில் மாம்பழங்கள் வினைக்கு முன்னால் வந்துவிட்டால் 'தின்ற' என்பது பெண்பால் பன்மை ஈறு எடுத்தாக வேண்டும். பின்னால் வந்தால் எடுக்காது. வாய்மொழித் தேர்வுக்கு ஒரு குறிப்பு: கிரியோலில் 'ஷ' ஒலி 'ஸ' ஆகவும், உதடு குவித்துச் சொல்லும் 'யூ' வெறும் 'இ' ஆகவும் ஆகிவிடுகின்றன. உதட்டை 'உ' சொல்வதுபோல் குவித்து வைத்துக்கொண்டு நாக்கால் 'இ' சொன்னால் சரியான ஒலி வரும். தினம் பத்து நிமிடம் உரக்க வாசித்தால் போதும்.

இனி, இந்தப் பட்டப்படிப்பின் முதுகெலும்பு. அதன் பெயர் திஸெர்த்தாஸியோன், அதாவது வாதக் கட்டுரை. பள்ளியில் எழுதிய கட்டுரையை நீட்டி எழுதினால் அது ஆகிவிடாது. ஒரு கூற்றைக் கொடுப்பார்கள். அதற்குள் மறைந்திருக்கும் முரணைக் கேள்வியாக வெளியே கொண்டுவர வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் ப்ரோப்ளெமாத்திக் என்கிறார்கள். முன்னுரையில் நான்கு அடி உண்டு: பொருளுக்கு ஒரு வாசல், கூற்றும் அதன் விளக்கமும், கேள்வி, பகுதிகளின் அறிவிப்பு. பிறகு இரண்டு அல்லது மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மூன்று உட்பிரிவு. ஒவ்வோர் உட்பிரிவிலும் ஒரு வாதம், நூலிலிருந்து ஒரு துல்லியமான சான்று, அந்தச் சான்றின் மேல் விளக்கம். பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே பாலமாக ஒரு வாக்கியம்.

நான்கு மணி நேரத் தேர்வென்றால் நான் பரிந்துரைக்கும் பங்கீடு இது. கூற்றின் ஒவ்வொரு சொல்லையும் ஆராய அரை மணி. சான்று திரட்டித் திட்டம் போட முக்கால் மணி. முன்னுரையையும் முடிவுரையையும் தனித்தாளில் எழுதிப் பார்க்க இருபத்தைந்து நிமிடம். எழுத்துக்கு இரண்டு மணி. மீதி இருபது நிமிடம் பால், எண், வினை ஈறு ஆகியவற்றை மட்டும் பார்க்க. திட்டம் போடாமல் முதல் பத்தாவது நிமிடத்திலேயே எழுதத் தொடங்குகிறவர்கள் மூன்றாம் பகுதியில் முதல் பகுதியைத் திரும்பச் சொல்கிறார்கள். டியூஷனில் பாடம் பண்ணிய 'தொன்றுதொட்டு மனிதன்' என்ற தொடக்கத்தைக் கண்டதுமே திருத்துபவர் பேனாவை எடுத்துவிடுவார். எந்தப் பொருளுக்கும் பொருந்தும் வாசல் எந்தப் பொருளுக்கும் வாசல் அல்ல.

மூன்றாம் பகுதிதான் பலருக்குப் புரிவதில்லை. முதலில் ஆம், பிறகு இல்லை, கடைசியில் பாதி ஆம் பாதி இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். தமிழ் படித்த பிள்ளைக்கு இதை விளக்குவது எளிது. நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில், அதாவது ஆசிரியர் கொள்ளும் கருத்து நிலைகளில், 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு' என்று ஒன்றும், 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு' என்று ஒன்றும் உண்டு. எதிர்க்கருத்தை முதலில் முழு மனத்தோடு எடுத்துக்கொண்டு, பிறகு அதன் எல்லையைக் காட்ட வேண்டும். மாறுபட்ட இரண்டிலிருந்து துணிந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். மூன்றாம் பகுதி நடுவில் நிற்பதற்கல்ல, கேள்வியையே ஒரு படி மேலே கொண்டுபோவதற்கு.

கொமாந்தேர் எனப்படும் நூற்பகுதி விளக்கத்துக்கும் நம்மிடம் நல்ல பழக்கம் இருக்கிறது. பொழிப்புரை எழுதினால் மதிப்பெண் வராது. பரிமேலழகர் குறளில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அது ஏன் அங்கே வந்தது என்று சொல்வாரே, அந்தக் கண் வேண்டும்: இந்த வினைக்கு ஏன் இந்தக் காலம், யார் கண்ணால் பார்க்கிறோம், வாக்கியம் ஏன் இங்கே குறுகுகிறது.

மொழிபெயர்ப்புத் தாளில் இடறிவிடுவது கிரியோல் அல்ல, ஆங்கிலம். 'அக்த்யுஎல்மான்' என்றால் தற்போது. ஆங்கிலத்தில் அதேபோல் ஒலிக்கும் சொல்லின் பொருள் வேறு. 'எவாந்த்யுஎல்மான்' என்றால் ஒருவேளை, தேவைப்பட்டால், இறுதியாக என்பதல்ல. ஆங்கிலச் செயப்பாட்டு வினையை அப்படியே பெயர்க்காமல் 'ஓன்' என்ற பொது எழுவாயைக் கொண்டு எழுதினால் பிரெஞ்சு இயல்பாக நிற்கும். மொழியின் பெயருக்குச் சிறிய எழுத்து, மக்களின் பெயருக்குப் பெரிய எழுத்து, கேள்விக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி என்பவை அற்பமாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் குறையும். சொல்லின் பொருளுக்கும் பாலுக்கும் ஆங்கில வழி அகராதியை நம்ப வேண்டாம். பதினாறு தொகுதியுள்ள பெரிய பிரெஞ்சு அகராதியான 'த்ரெஸோர்' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

பண்பாட்டுப் பாடத்தைச் சிலர் சமையலும் ஓவியமும் என்று நினைத்து வருகிறார்கள். 1789 புரட்சியும், மதத்தையும் அரசையும் பிரித்த 1905 சட்டமும், 1958இல் வந்த ஐந்தாம் குடியரசும் தெரியாமல் இன்றைய பிரெஞ்சுச் செய்தித்தாளின் ஒரு தலையங்கம்கூடப் புரியாது.

பட்டத்தோடு ஒரு சர்வதேசச் சான்றிதழும் எடுத்துவைப்பது நல்லது. ரோஸ் ஹில்லிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் தெல்ஃப், தால்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் திறன் தேர்வுகளை நடத்துகிறது. சி1 என்ற உயர்நிலைக்கான தால்ஃபில் நான்கு தாள், ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தத் தாளிலும் 5க்குக் குறையக் கூடாது. சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. அது இருந்தால் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களில் மொழி நுழைவுத் தேர்வு தேவைப்படாது. எழுத்துத் தாளில் சில ஆவணங்களைச் சுமார் 220 சொற்களில் தொகுக்கச் சொல்வார்கள். அதில் சொந்தக் கருத்து ஒரு வரிகூட வரக் கூடாது, ஆவணத்தின் வாக்கியத்தை நகலெடுக்கவும் கூடாது, ஆவணங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுருக்கவும் கூடாது. நன்றாகப் பேசும் மொரீஷியஸ் மாணவர்கள் தோற்பது இந்தத் தொகுப்பில்தான்.

வேலை? ஆசிரியர் பணிக்குப் பட்டத்துக்குப் பின் கல்வியியல் பயிற்சியும் தேவை என்பதைப் பெற்றோர் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்திரிகை, மொழிபெயர்ப்பு, சுற்றுலா, எபென் வணிக நகர அலுவலகங்களில் பிரான்ஸ் வாடிக்கையாளர் பணி என்று வழிகள் உண்டு. 1810இல் ஆங்கிலேயரிடம் தீவு கைமாறியபோதும் சட்டங்களும் வழக்கங்களும் காக்கப்பட்டதால் நம் சிவில் சட்டத் தொகுப்பு இன்றும் பிரெஞ்சில்தான் இருக்கிறது. எனவே சட்டம் படிக்க நினைப்பவருக்கும் இந்தப் பட்டம் வீணாகாது.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. பிரெஞ்சு எடுக்கும் நம் பிள்ளைகள் பலர், எச்.எஸ்.சி. வரை படித்த தமிழை அன்றோடு மூடி வைத்துவிடுகிறார்கள். பெரிய இழப்பு இது. பிரெஞ்சு தெரிந்தவர்கள் இந்தத் தீவில் ஏராளம். பிரெஞ்சும் தமிழும் இரண்டையும் ஆழமாக வாசிக்கக்கூடியவர்கள் மிகச் சிலர். பின்னாளில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியான, அதாவது மொழிபெயர்ப்பாளரான, ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு தமிழில் இருக்கிறது. அதே காலத்தின் பிரெஞ்சு ஆவணங்களை அருகே வைத்துப் படிக்க இரண்டு மொழியும் வேண்டும். அந்த நாட்குறிப்பில் வரும் லபூர்தொனே நம் போர்ட் லூயியைக் கட்டிய அதே ஆளுநர்தான். அதற்காகப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை அழைத்து வந்தவரும் அவர்தான். குறளின் பகுதிகளைப் பிரெஞ்சு அறிஞர் ஏரியல் பிரெஞ்சில் தந்தது 1848இல். அவர் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பாரிஸில் கீழைமொழிகளுக்கான கல்வி நிறுவனமான இனால்கோவில் தமிழ் கற்பிக்கிறார்கள். புதுச்சேரியில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. வெட்டிவேரும் கட்டுமரமும் கறியும் பிரெஞ்சு அகராதிக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன. முத்து, சுப்பிரையன் என்ற நம் குடும்பப் பெயர்கள் பழைய பத்திரங்களில் பிரெஞ்சுக் காதுக்குக் கேட்டபடி எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தமிழாக்கி அடையாளம் காண இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர்தான் வேண்டும். ரெதுயில் பிரெஞ்சு படித்துக்கொண்டே மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தின் நூலகத்தில் வாரம் ஒரு பிற்பகல் தமிழுக்கு ஒதுக்குவது நடக்கக்கூடிய காரியம்தான்.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு முறை, நூறு சொற்களுக்கு மேற்படாத ஒரு பிரெஞ்சுப் பத்தியை வெளியிட்டு, மாணவர்களிடமிருந்து தமிழாக்கம் வரவழையுங்கள். சிறந்த ஒன்றையும், தவறுகளின் விளக்கத்தையும் அடுத்த வாரம் போடுங்கள். தொடக்கத்திலேயே கவிதை வேண்டாம். புயல் எச்சரிக்கை, நீதிமன்றச் செய்தி, சந்தை விலை என்று தொடங்கலாம். திருத்திக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிரெஞ்சு ஆசிரியர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்