அந்தக் கடிதத்தை அனுப்பிவிடு, மகன்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் சளி குறைந்துவிட்டது. போன கிழமை தொலைபேசியில் பாதியில் விட்ட கதையை எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தேன். அப்பாவைப் பராமரிக்க நம் வீட்டில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பிள்ளை, இங்கே நிரந்தர வதிவிடம் எடுப்பதற்காகக் கேட்ட வேலை அனுபவக் கடிதத்தை உடனே எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பு. அவளுடைய வேலை உடன்படிக்கை உன் பெயரில் இருக்கிறது. அதனால் அந்தக் கையெழுத்தை நான் வைக்க முடியாது.

"பிஆர் (நிரந்தர வதிவிடம்) கையில் கிடைத்ததும் போய்விடுவாள், பிறகு அப்பாவை யார் பார்ப்பது?" என்று கேட்டாய். அப்பாவை நினைத்துத்தான் கேட்டாய் என்று தெரியும். ஆனால் நீ கல்கரியில் இருக்கிறாய், இங்கே நடப்பதை நான் பார்க்கிறேன். காலையில் அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது இடுப்பில் பட்டியைக் கட்டி, அவருடைய வலுவில்லாத முழங்காலைத் தன் முழங்காலால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று தமிழில் எண்ணுவாள். மூன்று என்றதும் அப்பாவே எழும்ப முயற்சி செய்கிறார். புரைக்கேறாமல் இருக்க அவருடைய தேநீரில் கெட்டியாக்கும் மாவைப் போட்டுக் கலக்கி, கரண்டியைச் சரித்து வழியும் விதத்தைப் பார்த்த பிறகுதான் கொடுப்பாள். ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. இத்தனைக்கும் முன்னால், விடியற்காலை ஐந்து மணிக்கே எழும்பி, குசினியில் மெதுவான குரலில் தன் மகளோடு கதைத்துவிடுகிறாள். அங்கே மணிலாவில் அப்போது பின்னேரம், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும் நேரம். கணக்குப் பாடத்தைக் கூடத் தொலைபேசியில்தான் சொல்லிக் கொடுக்கிறாள்.

அவளுடைய வேலை அனுமதியில் முதலாளியின் பெயர் கிடையாது, மகன். தொழில் மட்டும்தான் எழுதியிருக்கிறது. 2019இல் தொடங்கிய வீட்டுப் பராமரிப்பாளர் பைலட் (சோதனை) திட்டத்தில் வந்தவர்களுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். வேறு வீட்டில் இதே வேலை கிடைத்தால் நாளைக்கே போக அவளுக்கு உரிமை உண்டு. இவ்வளவு நாளும் போகாமல் இருந்தது அவளுடைய விருப்பம். கடிதத்தைத் தாமதித்து அவளை நிறுத்திவைக்கலாம் என்று நீ நினைத்தால், நம்பி நிற்கும் ஒருத்தியை அல்லவா கட்டிப்போடுகிறோம்?

காலக்கெடுவும் இருக்கிறது. முன்பு 24 மாத வேலை அனுபவம் கேட்டார்கள், 2023 ஏப்ரல் 30 முதல் அதை 12 மாதமாகக் குறைத்தார்கள். அனுமதி கிடைத்து 36 மாதங்களுக்குள் அந்த ஆதாரம் போய்ச் சேரவேண்டும். அது போனால்தான் அவளுடைய விண்ணப்பத்தில் இறுதி முடிவு எடுப்பார்கள். இது தவறினால் இன்னொரு வழியால் போகலாம் என்று லேசாகச் சொல்லாதே. அவள் வந்த திட்டம் 2024 ஜூனில் முடிந்துவிட்டது. 2025 மார்ச் 31ஆம் திகதி புதிய திட்டத்தைத் திறந்தபோது கனடாவுக்குள் இருப்பவர்களுக்கான இடங்கள் அன்றைக்கே நிரம்பிவிட்டன.

எங்கள் முதியோர் சங்கத்துக்கு ஒரு ஜமெய்க்கப் பெண்மணி வருகிறார். வீட்டு வேலைக்காகக் கனடா வந்த பெண்களைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்ட பிறகு நூலகத்திலும் தேடி வாசித்தேன். 1955இல் கனடா ஜமெய்க்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் வீட்டு வேலைக்குப் பெண்களை எடுத்தது. 18 முதல் 35 வயது, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, பிள்ளை இருக்கக் கூடாது. அவர்களுக்காவது வந்தவுடனேயே நிரந்தர வதிவிடம் கொடுத்தார்கள். 1973க்குப் பிறகு வந்தவர்களுக்கு அதுவும் இல்லை, தற்காலிக அனுமதி மட்டும். 1977இல், ஊரில் பிள்ளைகள் இருப்பதை விண்ணப்பத்தில் எழுதவில்லை என்று ஏழு ஜமெய்க்கத் தாய்மாரை நாடு கடத்தப் பார்த்தார்கள். பிள்ளை இருப்பதைச் சொன்னால் வரவிடமாட்டார்கள், சொல்லாவிட்டால் இருக்கவிடமாட்டார்கள்! "வேலைக்கு ஏற்றவர்கள் என்றால் வாழவும் ஏற்றவர்கள்" என்று பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த எழுவரும் 1979இல் இருக்க அனுமதி பெற்றார்கள். அதன் பிறகுதான், 1981இல், இரண்டு வருடம் வேலை செய்தவர்கள் வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்ற வழி வந்தது. 1992இல் வந்த திட்டத்தில் முதலாளியின் வீட்டிலேயே தங்கவேண்டும் என்ற கட்டாயம் தொடர்ந்தது. அது 2014 வரைக்கும் நீங்கவில்லை.

ஹுவானா தெஹாடா என்ற பிலிப்பைன்ஸ் பெண்ணின் கதை என்னைத் தூங்கவிடவில்லை. கேட்ட வேலையை எல்லாம் செய்து முடித்த பிறகு, இரண்டாவது மருத்துவப் பரிசோதனையில் புற்றுநோய் தெரிந்தது என்று அவருக்கு வதிவிடம் மறுத்தார்கள். ஊரெல்லாம் குரல் கொடுத்து 2008இல் கிடைத்தது. அடுத்த வருடமே இறந்துபோனார். 2010இல் அந்த இரண்டாவது பரிசோதனையை நீக்கினார்கள். வந்த வழி ஒவ்வொன்றும் இப்படி யாரோ ஒருத்தி அழுது, போராடித் திறந்த வழி. அதன் கடைசிப் படியில் நம் வீட்டுக் கையெழுத்துக்காக ஒரு பிள்ளை காத்து நிற்கக் கூடாது.

காத்திருப்பது என்னவென்று நமக்கும் தெரியும். அப்பாவின் லாண்டட் பேப்பர் (நிரந்தர வதிவிடப் பத்திரம்) வரும்வரைக்கும் நீயும் நானும் கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜில் ஒரே அறையில் இருந்தோம். ரொறன்ரோ விமான நிலையத்தில் முதன்முதலாக அவரைக் கண்டபோது நீ "மாமா" என்று கூப்பிட்டாய். அப்பா சிரித்துக்கொண்டே உன்னைத் தூக்கினார். அன்றிரவு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். இதை உனக்கு நாங்கள் சொன்னதில்லை. அவளுடைய மகளுக்கு இப்போது ஒன்பது வயது.

கடிதத்தில் வேலை தொடங்கிய திகதி, செய்யும் வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், உன் முகவரி, தொலைபேசி எண், கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். சம்பளச் சீட்டுகளையும் வருடச் சம்பளத்தைக் காட்டும் ரி4 வரிப் பத்திரத்தையும் சேர்த்து அனுப்பு. மணி நேரத்தை உள்ளபடி எழுது. இரவில் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க அவள் எழும்பும் நேரம் இதுவரை கணக்கில் வரவில்லை. இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் வாரத்துக்கு 44 மணிக்கு மேல் ஓவர்டைம் கொடுக்கவேண்டும். பாக்கியைப் பார்த்துக் கொடுத்துவிடு, குறைந்தால் என் ஓய்வூதியத்திலிருந்து எடு.

அவள் போகத்தான் போகிறாள், போகட்டும். ஊரில் அவள் தாதிப் படிப்புப் படித்தவள். இங்கேயும் படித்து வைத்தியசாலையில் வேலை எடுக்க நினைத்திருக்கிறாள். அப்பாவுக்கு அரசாங்கம் தரும் பிஎஸ்டபிள்யூ (வீட்டுக்கு வந்து பராமரிக்கும் உதவியாளர்) நேரத்தைக் கூட்டித் தரும்படி இப்போதே கேட்டு வைக்கிறேன். புதிதாக ஒருவர் வந்தால் அவருக்கு எல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

மூலப் பிரதியைக் கூரியரில் போடு, ஒரு பிரதியை இன்றைக்கே அவளுடைய மின்னஞ்சலுக்கு அனுப்பு. சனிக்கிழமை அழைக்கும்போது அவளையும் கூப்பிட்டு, அனுப்பியாயிற்று என்று நீயே சொல். மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

அன்புடன்,
அம்மா
ஸ்காபுறோ