மூன்றாவது படத்தில் இருக்கும் கெண்டியை எடு

ஈப்போ

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சனிக்கிழமை டீக்கெண்டி வாங்க, சீனத்து யீஷிங்கின் குயவர் ஊரான டிங்ஷூவுக்குப் போகிறாய் என்பதால் சுற்றி வளைக்காமல் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வானநீலக் கெண்டி வேண்டவே வேண்டாம். டிராகன் சுற்றிக்கொண்டிருப்பதும் வேண்டாம். மூன்றாவது படத்தில் ஓரமாக, பழுப்பாக, பூவேலை ஒன்றும் இல்லாமல் இருக்கிறதே, அதைக் கையில் எடுத்துப் பார்.

முதலில் மண்ணைப் பற்றி. யீஷிங் கெண்டி செய்யும் மண்ணுக்கு ஸிஷா என்று பெயர். ஊதா மணல் என்று அர்த்தம். டிங்ஷூவை ஒட்டிய ஹுவாங்லோங் மலையில் வெட்டியது. மண் என்று சொல்கிறோமே தவிர வெட்டும்போது அது கல். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் கிடந்து உதிர்ந்த பிறகு அரைத்து, சலித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, இன்னும் சில மாதம் மூடி ஊறப்போட்டால்தான் வேலைக்கு ஆகும். மைதா போல அரைக்க மாட்டார்கள். ரவைக்குள் கை விட்டால் எப்படி இருக்கும், அந்தக் குருணை மண்ணில் தங்க வேண்டும். 1100 முதல் 1200 டிகிரி வரை சுட்ட பிறகும் அந்தக் குருணை மேலே தெரியும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னப் புள்ளிகள், மைக்காவின் மினுக்கு, கருத்த இரும்புப் பொட்டு. எல்லா இடமும் ஒரே நிறமாக, பிளாஸ்டிக் மாதிரி வழுவழுவென்று இருந்தால் சந்தேகப்படு.

இயற்கையாக வரும் நிறங்கள் கொஞ்சம்தான். ஊதா கலந்த பழுப்பு ஸினி, செங்கல் சிவப்பு ஜூனி, வெளிர் மஞ்சள் துவான்னி, இவற்றின் கலவைகள். மண்ணில் இருக்கும் இரும்புதான் இந்த நிறங்களையெல்லாம் தருகிறது. வானநீலமும் பளிச்சென்ற பச்சையும் வேண்டுமென்றால் கோபால்ட், குரோமியம் மாதிரி சாயப்பொருள் சேர்க்க வேண்டும். உன் முதல் படத்துக் கெண்டி அந்த ரகம். அலமாரியில் வைக்க அழகு, அதில் ஏன் குடிக்க வேண்டும்?

ஹுவாங்லோங் மலையில் சுரங்க வேலையை 2005 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பு வெட்டிய கல் இன்னும் பலரிடம் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் கடைக்குக் கடை “இது பழைய சுரங்கத்து மண்” என்பார்கள். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள், விலையில் சேர்க்காதே.

கெண்டி எப்படிச் செய்தது என்பதும் விலையைத் தீர்மானிக்கும். வழிவழியாக இவற்றைச் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணை மரச்சுத்தியலால் தகடாகத் தட்டி, பட்டையாக வெட்டி, வளைத்து உருளையாக ஒட்டி, உள்ளே விரலும் வெளியே மரத்தட்டுமாகத் தட்டித் தட்டி வயிறு வர வைப்பார்கள். இது முழுக் கைவேலை. தகட்டை அச்சுக்குள் வைத்து அழுத்தி உருவம் எடுத்து, மூக்கையும் பிடியையும் கையால் ஒட்டுவது அரைக் கைவேலை. உனக்கு அது தாராளமாகப் போதும். மூன்றாவது வகையை மட்டும் தவிர்க்க வேண்டும்: மண்ணைக் கூழாக்கி, அது இளகி ஓடுவதற்கு மருந்து கலந்து அச்சில் ஊற்றுவது. சுவர் மெலிசாக, எடை குறைவாக, மேலே குருணையே தெரியாமல் இருக்கும். மூக்கும் பிடியும் உடம்போடு சேர்ந்தே வந்திருக்கும், ஒட்டிய தடம் எங்கும் இருக்காது. பிடி ஒட்டும் இடத்துக்கு நேர் உள்பக்கம் விரலை விட்டுப் பார். அங்கே குழி தட்டுப்பட்டால் வைத்துவிட்டு நகர்ந்துவிடு.

அளவில்தான் முதல் தடவை வாங்குபவர்கள் எல்லோரும் தவறுகிறார்கள். நம் வீட்டுக் கணக்கில் கெண்டி என்றால் ஆறு பேருக்கு ஊற்ற வேண்டும். சீனத்துக் கணக்கு வேறு: இலை நிறைய, தண்ணீர் கொஞ்சம், ஒரே இலையில் ஏழெட்டுத் தடவை. நீ ஒருத்தி, எப்போதாவது தோழி ஒருத்தி வருவாள் என்றால் 120 மில்லி போதும், 150-ஐத் தாண்டாதே. டிராகன் கெண்டி 400 மில்லியாவது இருக்கும் போலிருக்கிறது. அதற்கு 20 கிராம் இலை வேண்டும். இலையைக் குறைத்தால் நேரத்தைக் கூட்டுவாய், நேரத்தைக் கூட்டினால் கசக்கும். தவிர, டிராகனின் செதில் இடுக்குகளில் டீக்கறை தங்கினால் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனிக் கடையில் செய்ய வேண்டியது. தண்ணீர் கேள். தண்ணீர் ஊற்றிப் பார்க்க விடாத கடையில் வாங்காதே.

முக்கால் அளவு நிரப்பி மூடியைப் போட்டுச் சாய். தண்ணீர் கட்டுக்கோப்பாக, முறுக்காமல், கண்ணாடிக் கம்பி மாதிரி விழ வேண்டும். கெண்டி காலியாக எத்தனை நொடி என்று எண்ணு. 120 மில்லிக்குப் பத்து நொடிக்குள் முடிய வேண்டும். இது அழகுக்காகச் சொல்லும் கணக்கு இல்லை. பத்து நொடி ஊறவைத்து, வடிய இருபது நொடி ஆனால், கடைசிச் சொட்டு முப்பது நொடி ஊறியதாகிவிடும். உன் டீ ஏன் கசக்கிறது என்று இலையைத் திட்டிக்கொண்டிருப்பாய், குற்றம் மூக்கில் இருக்கும்.

ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மூடிக்குமிழில் இருக்கும் மூச்சுத்துளையை விரலால் அடை. ஓட்டம் நிற்க வேண்டும். நின்றால் மூடி வாயில் சரியாக உட்காருகிறது என்று பொருள். விரலை எடு, ஓட வேண்டும். பிறகு சட்டென்று நிமிர்த்து. மூக்கிலிருந்து தாடி வழிவது போலத் தண்ணீர் கீழே இறங்கினால் அது வாழ்நாள் முழுக்க மேசைத் துணியை நனைக்கும். கடைக்காரர் சிலர் மூக்கை அடைத்துக் கெண்டியைக் கவிழ்த்து, மூடி விழவில்லை பாருங்கள் என்று வித்தை காட்டுவார்கள். கைதட்டிவிட்டு வா, டீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூக்கு நுனி கெண்டியின் வாய்மட்டத்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் கெண்டி நிரம்பும் முன்பே மூக்கு வழியாகக் கொட்டும். உள்ளே மூக்கின் அடியில் ஒற்றைத் துளையா, பல துளையா, பந்து போலப் புடைத்த சல்லடையா என்று பார். ஒற்றைத் துளை வேகமாக ஓடும், உடைந்த இலை வந்தால் அடைத்துக்கொள்ளும். வில்லையாக அழுத்தியதிலிருந்து தட்டிப் பெயர்த்த புவெர் மாதிரித் தூள் கலந்த டீக்குப் பந்துச் சல்லடை நல்லது.

கடைசியாக மோந்து பார். வெந்நீர் ஊற்றி மூடி, இரண்டு நிமிடம் கழித்துத் திற. மண்வாசம் வரலாம். ஷூ பாலிஷ், மெழுகு, வாசனைத் திரவியம் எது வந்தாலும் பழையது போலக் காட்ட எதையோ பூசியிருக்கிறார்கள்.

அடியில் இருக்கும் முத்திரையைப் பற்றி நிறையப் பேசுவார்கள். மிங் அரசர்கள் காலத்துக் கெண்டிக் கைவினைஞர் கோங் சுன் தொடங்கி, பின்வந்த சிங் அரசர்கள் காலத்தில் கெண்டிக்கு உருவம் வரைந்து கொடுத்த அதிகாரி சென் மன்ஷெங், போன நூற்றாண்டின் கெண்டிக் கைவினைஞர் கு ஜிங்சோவ் என்று பெயர்கள் வரும். கு ஜிங்சோவ் 1948-ல் செய்த ஒரு கெண்டி 2010-ல் பெய்ஜிங் ஏலத்தில் ஒரு கோடி யுவானைத் தாண்டியது. அவர் பெயர் பொறித்த கெண்டி சில நூறு யுவானுக்குக் கிடைத்தால் அதன் கதை உனக்கே புரியும். சான்றிதழ் அட்டை யார் செய்தார் என்று சொல்லும், அதுவும் நம்பினால்தான். மூக்கு எப்படி ஊற்றும் என்று சொல்லாது.

மூன்றாவது படத்தில் இருப்பது ஷிப்பியாவ் உருவம், சென் மன்ஷெங் பெயரோடு சேர்த்துச் சொல்வது. அடி அகன்று, தோள் குறுகி, மூன்று குட்டிக் கால்களோடு நேர் மூக்காக இருக்கும். நேர் மூக்கில் ஓட்டம் தடையில்லாமல் வரும், உள்ளே சுத்தம் செய்வதும் சுலபம். ஸினி மண் போலத் தெரிகிறது. நீ குடிப்பது லியு பாவ் என்பதால் அது பொருந்தும். இந்த மலேசியப் பக்கத்து வெள்ளீயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளிகள் குடித்துத் தீர்த்த டீ அது. பழைய, கனமான டீக்குக் கொஞ்சம் தடித்த, நுண்துளை உள்ள சுவர் சூட்டைப் பிடித்து வைக்கும், ஓரக் கரகரப்பையும் மழுக்கும். வாசனைதான் முக்கியம் என்று திகுவான்யின் போன்ற ஊலாங் குடிப்பதானால் மெலிந்த சுவருள்ள ஜூனி கேட்பேன். பச்சைத் தேயிலைக்கு இந்தக் கெண்டியே வேண்டாம், சூட்டில் வெந்துபோகும்; கண்ணாடித் தம்ளர் போதும். துவான்னியின் வெளிர் மஞ்சளைப் பார்த்து மயங்காதே. சூளையில் சூடு பற்றாமல் போன துவான்னி, புழங்கப் புழங்கக் கறுப்புத் திட்டாகக் கக்கும், எதனாலும் போகாது.

சுவர் வாசனையை உறிஞ்சும். அதனால்தான் ஒரு கெண்டிக்கு ஒரு வகை டீ என்பது. லியு பாவில் பழகியதில் புவெர் போட்டால் கெட்டுவிடாது, மல்லிகை டீ போட்டால் கெட்டது.

வீட்டுக்கு வந்ததும் பழக்க வேண்டும். நம் மண்சட்டி ஞாபகத்தில் கஞ்சித்தண்ணி ஊற்றிவிடாதே! சட்டி குறைந்த சூட்டில் சுட்டது, துளை பெரிது, கஞ்சி போய் அடைக்க வேண்டியிருக்கிறது. இது அதிகச் சூட்டில் சுட்டது, கசியாது. கஞ்சி போனால் உள்ளே புளித்து நாறும். டோஃபு போட்டு வேகவை, கரும்பு போட்டு வேகவை என்றும் அங்கே சொல்வார்கள், அதையும் விடு. மண்தூள் போக மெல்லிய துணியால் உள்ளும் புறமும் கழுவு. சோப்பு கூடாது, உறிஞ்சிய சோப்பைப் பல மாதம் குடிப்பாய். ஒரு பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, மூடியைத் தனியாக எடுத்துப் பக்கத்தில் படுக்க வைத்து, முழுகும்படி பச்சைத்தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் மெல்லச் சூடேற்று. கொதி வந்ததும் நீ குடிக்கும் அதே டீயில் ஒரு கைப்பிடி போட்டு அரைமணி நேரம், தளதளவென்று கொதிக்கவிடாமல் வை. துள்ளிக் கொதித்தால் மூடியும் உடம்பும் மோதி ஓரம் பெயரும். அடுப்பை அணைத்து, தானாக ஆறும்வரை தொடாதே. பிறகு இரண்டு நாள் காற்றாடக் காயட்டும். அவ்வளவுதான்.

போடும் முறை. 120 மில்லிக்கு லியு பாவ் 6 கிராம். நீ இருக்கும் நாஞ்சிங் குளிரில் கெண்டி சில்லென்று இருக்கும்; அதில் நேரே கொதிநீர் ஊற்றினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அத்தோடு முடிந்தது. முதலில் வெதுவெதுப்பான நீர், பிறகு சுடுநீர், அதன் பிறகே கொதிநீர். சூடான காலிக் கெண்டியில் இலையைப் போட்டு மூடி அரை நிமிடம் விட்டுத் திற. அப்போது வரும் வாசனையிலேயே இலை பழசா, பூசணமா என்று தெரிந்துவிடும். கொதிநீர் ஊற்றி உடனே வடித்துக் கொட்டு, இது கழுவிய தண்ணி. மறுபடி விளிம்பு வழியும் வரை ஊற்று. மேலே வரும் நுரையை மூடியின் ஓரத்தால் வழித்து மூடு. மூடியபின் கெண்டியின் மேலேயும் கொஞ்சம் ஊற்று.

இப்போது மூக்கு நுனியைப் பார். துளை வாயில் தண்ணீர் புடைத்து ஒரு மணி போல நிற்கும். உள்ளே இலை தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, அந்த மணி தட்டையாகி, மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது வடி. கடிகாரம் வேண்டுமென்றால் முதல் தண்ணிக்குப் பத்து நொடி, இரண்டாவதற்கும் அதுவே, பிறகு ஒவ்வொன்றுக்கும் ஐந்து நொடி கூட்டு. எட்டாம் தண்ணிக்கு மேல் நிமிடக் கணக்கில் விடலாம். கடைசிச் சொட்டுவரை வடிய வேண்டும்; மிச்சம் தங்கினால் அடுத்த தண்ணி கசக்கும். பொதுக் குவளை ஒன்றில் வடித்துப் பிறகு பகிர்வது சுலபம். குவளை இல்லையென்றால் தென் சீனத்து சாவ்சோவ் ஊர்க்காரர்கள் செய்வதுபோல, கோப்பைகளை ஒட்டி வைத்து நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி ஊற்று. இதற்கு, சாமியாகக் கும்பிடும் பழைய தளபதி ஒருவர் பெயரால், குவான் கோங் நகர்வலம் என்று பெயர். கடைசிச் சொட்டுகளைக் கோப்பைக்கு ஒன்றாக விடுவதற்கு, இன்னொரு பழைய தளபதி பெயரால், ஹான் ஷின் படைவீரரை எண்ணுவது என்று பெயர். எல்லாக் கோப்பையிலும் ஒரே கடுப்பு வரவே இந்தப் பாடு.

குடித்து முடித்ததும் இலைச் சக்கையை அன்றைக்கே எடுத்துவிடு. காலையில் எடுக்கலாம் என்று விடுவதுதான் கெண்டியைக் கெடுக்கும் முதல் வழி. வெந்நீரால் அலசி, உள்ளே விரலால் துழாவி, மூடியைத் திறந்து வைத்துக் காயவிடு. பூசணம் வந்துவிட்டால் பதறாதே, பழக்கிய அதே முறையில் வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்து வெயிலில் காய வை. வெளியே சூடாக இருக்கும்போது பருத்தித் துணியால் துடைத்துவந்தால் சில மாதத்தில் அடங்கிய ஒளி ஒன்று வரும். அவசரப்பட்டு டீயை மேலே ஊற்றி ஊற்றிக் காயவிட்டால் திட்டுத் திட்டாகக் கறைபடியும். எண்ணெய்க் கையால் தேய்த்தால் வழுக்கைத் தலை மாதிரிப் பளபளக்கும். அதை அங்கே ‘சாமியார் ஒளி’ என்று கேலி செய்வார்கள்.

சனிக்கிழமை வாங்கியதும் மூடியைத் தனியாகச் சுற்றச் சொல். கெண்டிக்குள் காகிதத்தைத் திணி, மூக்கைச் சுற்றிப் பஞ்சு வை. ரயிலில் மேலே பெட்டி வைக்கும் இடத்தில் போடாதே, மடியிலேயே இருக்கட்டும்.

அப்பா