அப்பாவின் கைக்கு ஒரு பிடி

ஷெஃபீல்டு,
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே அம்மா, சின்னவள், பெரியப்பா வீட்டார் அனைவரின் நலமறிய ஆவல். தீபாவளிக்குப் பிறகு நான் எழுதவே இல்லையென்று சின்னவள் கோபித்துக்கொண்டதில் தவறில்லை. ஆனால் தாத்தாவின் இழைப்புளியை அரை மணி நேரம் தள்ளினாலே உங்களுக்குக் கட்டைவிரலின் அடியில் வலிக்கிறது என்று அவள் எழுதியிருந்ததுதான் என்னை உடனே எழுத உட்காரவைத்தது.

அந்த 5-ஆம் எண் ஸ்டான்லி இழைப்புளியின் பின்பிடியில் மேல்கொம்பு உடைந்து, நீங்கள் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருக்கிறீர்கள். கொம்பு இல்லாததால் கை மேலே நழுவாமலிருக்க இறுக்கிப் பிடிக்கிறீர்கள். வலிக்கு அதுவும் ஒரு காரணம்.

மழையிலும் கொட்டகைக் கதவைத் திறந்துபோட்டு மரம் சீவுகிற பக்கத்துவீட்டுக் கிழவரிடம் இதைச் சொன்னேன். ரெக்கார்ட் என்ற கம்பெனியின் இழைப்புளிகள் செய்த ஊரல்லவா இது, அவரிடம் அலமாரி நிறையப் பழையவை இருக்கின்றன. எதிரே வந்தால் தலையைக்கூட அசைக்காதவர், என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிடியில் வைத்துக் காட்டினார். பிடிக்கு மூன்று விரல்தான். சுட்டுவிரல் அலகின் பக்கமாக முன்னோக்கி நீண்டிருக்க வேண்டுமாம். நாம் நான்கையும் திணித்தல்லவா பழகியிருக்கிறோம்!

உங்களுக்காகப் பீச் (beech) மரத்தில் ஒரு பிடி செய்துகொண்டிருக்கிறேன். நாரோட்டம் அடித்தட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். குத்துவாக்கில் ஓடினால் கொம்பு மறுபடியும் உடையும். மரம் கட்டையாக இருக்கும்போதே, பிடியை அடித்தட்டோடு இறுக்குகிற கம்பிக்கான சாய்வுத் துளையைப் போட்டுவிட வேண்டும். முதல் கட்டையை வடித்த பிறகு துளைத்துப் பாழாக்கினேன். இப்போது அரத்தால் ராவுவதும், கண்ணை மூடிப் பிடித்துப் பார்ப்பதும், உறுத்துகிற இடத்தில் பென்சிலால் கோடிட்டு மறுபடி ராவுவதுமாக மாலைகள் போகின்றன. வாரத்தில் நான்கு நாள்தான் வேலை என்பதால் நேரத்துக்குக் குறைவில்லை, நல்ல ஓய்வும்கூட. வார்னிஷ் வியர்வையில் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் மட்டும் போதும்.

நேற்று அந்தக் கிழவர் தந்த இறைச்சிக் குழம்பில் ஹென்டர்சன்ஸ் என்ற கறுப்புச் சாற்றை ஊற்றினார். அதில் புளி சேர்க்கிறார்கள், அப்பா. நாக்கில் பட்டதும் அம்மாவின் வற்றல் குழம்பு நினைவுக்கு வந்து, வீட்டைவிட்டுக் கிளம்பி எத்தனை மாதமாயிற்று என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

உங்கள் வலக்கையைத் தாளில் வைத்துச் சின்னவளை வரையச் சொல்லுங்கள். சுட்டுவிரல் நீங்கலாக மற்ற மூன்று விரல்களின் மொத்த அகலத்தையும் எழுதி அனுப்பட்டும். பழைய பிடியின் கம்பியையும் பித்தளை மரையையும் தொலைத்துவிடாதீர்கள், அந்தத் திருகு கடையில் கிடைக்கிற எதற்கும் ஒத்துவராது. பிடி வந்துசேரும்வரை பெரியப்பா வீட்டுக் கதவு வேலையைத் தொட வேண்டாம்; அவரிடம் நானே பேசுகிறேன். சின்னவள் நிச்சயத்துக்கான சீட்டுப் பணத்தை இம்முறை இரண்டு தவணையாக அனுப்புகிறேன். வங்கியில் அப்படி அனுப்புவது வசதி, வேறொன்றுமில்லை. மாமாவிடம் கைமாற்றுக் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
பெரியவன்